ஐந்தாவது ஆளுக்கு அம்புக்குறி இல்லை

1

இந்தக் கதை ஒரு கழிப்பறையில் தொடங்கியது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவரின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவது என் வேலை. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். இந்த மாதப் பயிற்சி: 'உங்களுக்குப் பெரியவராகத் தெரியும் ஒருவரைப் பற்றி எழுதுக. புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட வரக்கூடாது.' வகுப்பில் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் அம்மாவைப் பற்றி என்றார்கள். ஒருவர் தன் மேலாளரைப் பற்றி என்றார். அந்த மேலாளரும் அதே வகுப்பில்தான் படிக்கிறார், பக்கத்து நாற்காலி. நான் எங்கள் அணியின் கோச்சைப் பற்றி என்றேன்.

"எந்த விளையாட்டு?" என்று டீச்சர் கேட்டார்.

"கூடைப்பந்து, டீச்சர்."

"நீ ஆடுவியா?"

"இல்ல, பார்ப்பேன்."

"அப்ப அவரை விடு. பார்க்கிறதை எழுது."

பார்க்கிறதை எழுது. இதைவிட மோசமான ஒரு யோசனையை அவர் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. ஏன் என்று மூன்றாம் பகுதியில் தெரியும். அதற்குமுன் தொடக்கங்கள்.

தொடக்கம் அ: பதினான்கு ஆண்டுகள் ஒரே அணியைக் கட்டிக்காத்த அந்த மாமனிதர் —

(அடித்துவிட்டேன். 'மாமனிதர்' புகழ்ச்சிச் சொல். தவிர, அப்படி எழுதியதும் ஆள் சிலையாகிவிடுகிறார். எங்கள் கோச் ஆட்டம் நடக்கும்போது நாற்காலியில்கூட நாற்பது விநாடிக்குமேல் உட்கார்ந்ததில்லை. அளந்திருக்கிறேன்.)

தொடக்கம் ஆ: ஆட்டம் முடிய ஏழு விநாடிகள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு —

(பொய். நாலாயிரம் பேர் சேர்ந்தாற்போல மூச்சைப் பிடிப்பதில்லை. எங்கள் அத்தை அப்போதும் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்ததாகக் கேள்வி.)

'கேள்வி' என்று எழுதிவிட்டேன். பேனா தானாக உளறுகிறது. சரி, இதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

2

கோச் வந்தபோது எங்கள் அணி பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. தற்செயலாக அல்ல, கடைசி இடத்தை எங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் வந்து முதல் வேலையாக ஒரு விதி வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாற்று ஆட்டக்காரனும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது இரண்டு நிமிடம் ஆட வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும். இந்த விதியால் நிச்சயமாக மூன்று ஆட்டங்களில் தோற்றோம் (தேதிகள் என்னிடம் உள்ளன). அவர் விதியை மாற்றவில்லை. எட்டாவது வருடம் கோப்பையை வாங்கினோம்.

டைம் அவுட் (ஒரு நிமிட இடைவேளை) கேட்டால் அவர் பெஞ்சின் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருவார். கையில் சின்ன வெள்ளைப் பலகை, பச்சை மார்க்கர். ஐந்து வட்டம் போடுவார், யார் எங்கே ஓட வேண்டும் என்று ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஓர் அம்புக்குறி இழுப்பார். பிறகு சட்டையின் இடது கையாலேயே துடைப்பார். ஆட்டம் முடியும்போது அவருடைய இடது கை முழங்கை வரை பச்சையாக இருக்கும். பலகையில் என்ன போட்டார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "துடைச்சிட்டேனே" என்பார். வேறு பதில் கிடையாது.

பெஞ்சுக்கு நேர் பின்னால் ஆறாவது வரிசையில் நாங்கள் நாலு பேர். வீரர்களின் தோள்களுக்கு நடுவே பலகை தெரியும் இடம் அது.

அத்தை, அப்பாவின் தங்கை, திரைச்சீலை தைக்கும் கூடம் வைத்திருக்கிறாள். எங்கள் எல்லோருடைய சட்டையிலும் இடது கையில் பச்சைத் துணி வைத்துத் தைத்தது அவள்தான்.

பல் டாக்டர் ஒரு சின்ன பைனாகுலரோடு வருவார். பலகையைப் பார்த்து, "மூணாவது ஆள் இடப்பக்கம், வளைஞ்சு" என்று எனக்குச் சொல்லுவார். மற்ற நேரத்தில் விளக்கவுரை.

ஸ்டியரிங் அண்ணன் பஸ் ஓட்டுகிறார். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

நான் நோட்டு. அது என் பட்டப்பெயர். பதினொரு வருடமாகக் கோச்சின் பலகைப் படங்களை நோட்டுப் புத்தகத்தில் நகல் எடுக்கிறேன். ஆயிரத்து நூற்று நான்கு படங்கள்.*

*இவற்றில் ஒன்று பொய். அதைப் பற்றித்தான் கதை.

3

கோப்பைக்கான இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஏழு விநாடி மிச்சம். கோச் டைம் அவுட் கேட்டார். பலகையை எடுத்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இது உவமை அல்ல. நெருக்கமான ஆட்டம் என்றால் எனக்கு அப்படித்தான். என் நாற்காலி ஓரத்தில் இருக்கிறது, எழுந்து போனால் யார் காலையும் மிதிக்க வேண்டாம். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். போய் ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு நிமிடத்தில் வரவில்லை. கழிப்பறைக் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது சுவர் அதிர்ந்தது. நாலாயிரம் பேர் கத்துவதை ஓடுகள் பதித்த அறைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறீர்களா? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். 'ஜெயிச்சுட்டோம் போலிருக்கு' என்று அது சொன்னது.

ஓடி வந்தேன். அத்தை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் போனதே அவளுக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் தோளைப் பிடித்து உலுக்கி, "எழுதிட்டேல்ல? எழுதிட்டேல்ல? நான் கண்ணை மூடிட்டேன்" என்றார். ஸ்டியரிங் அண்ணன், "நோட்டு எழுதாம இருக்குமா, நீங்க வேற" என்றார். நோட்டு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை.

நான் தலையாட்டினேன்.

(இந்த இடத்தில் 'என் மனச்சாட்சி' என்று தொடங்கும் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். உண்மையில் அந்த நேரம் மனச்சாட்சி எதுவும் பேசவில்லை, அதுவும் குதித்துக்கொண்டிருந்தது.)

மறுநாள் வீட்டில் அந்த ஏழு விநாடிகளின் ஒளிபரப்பை நாற்பத்தாறு முறை ஓட்டினேன், நிறுத்தினேன், ஸ்கேல் வைத்து அளந்தேன். பந்து உள்ளே வருகிறது. எங்கள் அணியின் நெட்டையன் வாங்குகிறான். அவன்தான் போடப்போகிறான் என்று எதிரணி மொத்தமும் அவன்மேல் விழுகிறது. அவனோ, பக்கத்தில் ஓடிவந்த பொடியனின் கையில் பந்தை வைத்துவிடுகிறான். அந்த வருடம் முழுக்கப் பெஞ்சில் இருந்து, ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் மட்டும் ஆடிய பொடியன். பந்து கூடைக்குள். நாலு பேரின் ஓட்டத்தையும் அம்புக்குறியாக மாற்றினேன். பலகையில் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஐந்தாவது ஆள் சிக்கலானான். ஒளிபரப்பில் அவனுடைய ஒரு காலணி மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டான். அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்று நினைத்தேன் (அதுவரை எழுதியதெல்லாம் என்னவாம்). மூலையில் ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறி போடாமல் விட்டேன்.

4

விட்டிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் பல் டாக்டர் நோட்டை வாங்கி அந்தப் படத்தைப் பைனாகுலராலேயே பார்த்தார்.  பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சாவது ஆளுக்கு அம்பு இல்லை."

"ஆமா டாக்டர்" என்றேன்.

"நிக்கச் சொல்லியிருக்கார். உலகமே ஓடும்போது ஒருத்தனை சும்மா நிக்கச் சொல்லியிருக்கார். புரியுதா உங்களுக்கு? எதிரணி ஆளு ஒருத்தன் அவனைக் காவல் காக்கணுமே. நிக்கிறவன் ஒருத்தனைக் கட்டிப்போடுறான். நான் பார்த்தேன், என் கண்ணால பார்த்தேன், அவன் நின்னான்."

கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் சொன்னது இது. ஆனால் ஒரு மாதத்தில் அரங்கில் பாதிப் பேர் அவன் நின்றதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் பந்தைத்தான் பார்த்தார்கள். மற்றதை என் நோட்டு பார்த்துக் கொடுத்தது. படம் பனியனில் அச்சானது. காபிக் கோப்பையில் வந்தது. பல் டாக்டரின் மருத்துவ அறையில், வாயைத் திறந்துகொண்டு படுத்தால் கண்ணுக்கு நேரே தெரியும்படி கூரையில் ஒட்டப்பட்டது. கோச்சின் பெருமை என்று யார் பேசினாலும் கடைசியில் நிற்கிறவனில் வந்து நின்றது. பேச்சும் நின்றது.

ஸ்டியரிங் அண்ணன் அப்போது ஸ்பேர் டிரைவர். யாராவது லீவு போட்டால்தான் அவருக்கு வண்டி. மற்ற நாட்களில் காலை ஐந்து மணியிலிருந்து டெப்போவின் ஓய்வறையில், சீருடையை மாட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாலு வருடம் அப்படி. கேலி பண்ணாத ஆள் கிடையாது. அந்தப் படத்தை அவரும் நோட்டில் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது கால்சட்டையைச் சுருட்டினார். இடது கெண்டைக்காலில் ஐந்து வட்டம், நாலு அம்பு. பச்சை குத்திக்கொண்டிருந்தார்.

"நிக்கிறதும் வேலைதான்னு நம்ம கோச்சே சொல்லிட்டார்ல" என்றார். "இனிமே எவனாவது கேக்கட்டும், காலைத் தூக்கிக் காட்டுறேன்."

"தூக்குறதுதான் தூக்குற, சாக்ஸைத் துவைச்சுப் போட்டுட்டுத் தூக்கு" என்றாள் அத்தை.

(வாசகருக்கு: இதுவரை நீங்கள் சிரித்திருந்தால் நல்லது. நானும் எழுதும்போது சிரித்தேன். ஆனால் இங்கே என்ன பணயத்தில் இருக்கிறது என்று டீச்சர் ஓரத்தில் சிவப்பில் கேட்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் தன் கஷ்டமான நாலு வருடத்துக்கு ஓர் அர்த்தத்தைக் கண்டுபிடித்து அதைத் தோலில் எழுதிக்கொண்டார். அந்த அர்த்தம், கேமராக்காரர் கேமராவை இரண்டடி வலப்பக்கம் திருப்பாததால் உண்டானது.)

5

போன மாதம் கோச் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். சனிக்கிழமை பிற்பகலில் பிரிவு விழா. எங்கள் வரிசை இருபத்திரண்டு அடி அகலத்தில் ஒரு துணிப் பதாகை செய்வதென்று முடிவாயிற்று. அதில் என்ன படம் என்று யாரும் கேட்கவே இல்லை. வேறு என்ன படம் இருக்கிறது?

அத்தையின் கூடத்தில், திரைச்சீலை வெட்டும் நீள மேசைமேல் துணி விரிந்தது. நான் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். பச்சைத் துணியில் வட்டங்களை வெட்டி அத்தை ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு குத்திக் குத்தித் தைத்தாள். ஸ்டியரிங் அண்ணன் அளவு நாடாவைப் பிடித்தார்.

"நோட்டு, அஞ்சாவது ஆளை மட்டும் கொஞ்சம் பெருசாப் போடேன்."

"எல்லா வட்டமும் ஒரே அளவுதான்ணா."

"அவன்தானே முக்கியம்."

"அவன் முக்கியம்னு வெளியே தெரியாம இருக்கிறதுதான் அவனோட முக்கியத்துவமே" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர், பல்லு புடுங்கும்போதும் இப்படித்தான் பேசுவீங்களா?" அத்தை ஊசிகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள். "பாவம், வாயைத் திறந்து வெச்சவன் திருப்பிப் பேசவும் முடியாதே."

நான் அப்போது முயன்றேன். இதைப் பதிவு செய்ய வேண்டும்: முயன்றேன்.

"அத்தை, ஒருவேளை இந்தப் படம் தப்பா இருந்தா?"

"எங்க கோணலா இருக்கு? சொல்லு, பிரிச்சுத் தைக்கிறேன்."

"கோணல் இல்ல. மொத்தமாவே."

அத்தை ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஏண்டி, ஆறு வருஷமா வராத சந்தேகம் இருபத்திரண்டு அடி தைச்சு முடிச்சப்புறம்தான் வரணுமா?"

"துணியையாவது பிரிக்கலாம்" என்று ஸ்டியரிங் அண்ணன் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இதை எங்க போய்ப் பிரிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்.

6

விழாவில் பலர் பேசினார்கள். கடைசியாகக் கோச் ஒலிவாங்கியின் முன்னால் வந்தார். பேச்சு எதுவும் இல்லை. பதினான்கு வருடத்தில் தன் பெஞ்சில் உட்கார்ந்த மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களை, காகிதம் இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். அறுபத்தொரு பெயர். (எண்ணினேன்.) இருபதாவது பெயரில் அத்தை மூக்கைச் சிந்தினாள். நாற்பதாவதில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "நான் இங்கேதான் இருக்கேன் கோச்" என்றார், ஐம்பது கிலோ கூடியிருந்தார். அரங்கம் அவருக்குக் கைதட்டி ஓயவில்லை. அறுபத்தொன்று முடிந்ததும் கோச், "அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டார்.

நாங்கள் பதாகையை விரித்தோம். தலைகீழாக.

பதாகையைத் தூக்கிப் பிடிக்கிற துணிக் காதுகளை அத்தை தப்பான விளிம்பில் தைத்திருந்தாள். நாலாயிரம் பேர் ஒரே சமயத்தில் தலையைச் சாய்த்தார்கள். "திருப்பு, திருப்பு" என்று அத்தை என்னைத் திட்ட, நான் டாக்டரைச் சுற்ற, டாக்டர் துணிக்குள் காணாமல்போய் வேறு பக்கத்திலிருந்து வெளியே வர, ஒருவழியாகப் படம் நேரானது. கோச் கீழே நின்று பார்த்தார். பிறகு படியேறத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது வரிசை.

பக்கத்தில் வந்து நின்று படத்தை வலமிருந்து இடமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பச்சை மார்க்கரை எடுத்தார். "கொஞ்சம் இழுத்துப் பிடிங்கம்மா" என்று அத்தையிடம் சொன்னார். ஐந்தாவது வட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி போட்டார். நீளமாக. ஆடுகளத்தின் கோட்டைத் தாண்டி, பெஞ்சை நோக்கி.

"இவன் நிக்கல" என்றார். "நம்ம பெஞ்சைப் பார்த்து ஓடி வரணும். கத்திக்கிட்டே. அவனைப் பிடிச்சிட்டிருந்த ஆள் பயந்துபோய் பின்னாடியே வந்துட்டான்."

பல் டாக்டர் வெளிறிப்போயிருந்தார். ஆனாலும் கேட்டார்: "என்னன்னு கத்தச் சொன்னீங்க சார்?"

"என்ன வேணா கத்துன்னேன். அவன் அவங்க அம்மாவைக் கூப்பிட்டான்."

 முதலில் அத்தை சிரிக்கத் தொடங்கினாள். அது எங்கள் வரிசை முழுக்கப் பரவியது. சிரித்துக்கொண்டே பார்த்தால் ஸ்டியரிங் அண்ணன் இடது காலைத் தூக்கி முன் நாற்காலியின் முதுகில் வைத்துக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இதுலயும் போட்டுடுங்க."

கோச் காலைப் பார்த்தார். பதாகையைப் பார்த்தார். மறுபடி காலை. பிறகு சிரித்தார். பதினான்கு வருடத்தில் அவர் பல்லை நாங்கள் பார்த்தது அன்றுதான். ("மேல் வரிசை நல்லா இருக்கு. கீழே ஒண்ணு கவனிக்கணும்" என்று டாக்டர் பிறகு அறிக்கை கொடுத்தார்.) டைம் அவுட்டில் உட்காருவதுபோல ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அண்ணனின் கெண்டைக்காலில் அம்புக்குறி போட்டார். கால் போதவில்லை, அம்பின் முனை கணுக்காலில் போய் முடிந்தது.

"யார் வரைஞ்சது இதை?" என்றார் எழுந்துகொண்டே.

மூன்று பச்சைக் கைகள் என்னைக் காட்டின.

"கச்சிதமா இருக்கு" என்றார் கோச். "ஒருத்தனைத் தவிர." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க அன்னிக்கு எங்க உக்காந்திருந்தீங்க?"

உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த அம்பு பெஞ்சை நோக்கி வருகிறது. பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அது நேராக என் மார்பை நோக்கி வந்திருக்கும். ஆறாவது வரிசையிலிருந்து பலகையைப் பார்த்து வரைகிற யாரும் மற்ற நாலையும் விட்டிருக்கலாம். இதை விட்டிருக்க முடியாது.

7

என் பதில்.

பதில் அ: "இங்கதான் சார், இதே சீட்டு." — (இதை எழுதினால் கதை இங்கேயே சுபமாக முடியும். நான் இன்னொரு ஆறு வருடம் கோச்சின் முகத்தைக் கனவில் பார்ப்பேன்.)

பதில் ஆ: மயங்கி விழுந்தேன். — (வகுப்பில் யாரும் நம்ப மாட்டார்கள். அத்தையும் நம்ப மாட்டாள். அவள் அங்கேயே இருந்தாள்.)

பதில் இ: "ஐயா, ஆறு ஆண்டுகளாக என் நெஞ்சில் கனக்கும் பாரத்தை —

நடந்தது இதுதான். "டாய்லெட்ல சார்" என்றேன்.

சொன்ன அதே விநாடியில் கீழே பேண்டு வாத்தியக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். டிரம், டிரம்பெட், எல்லாம். பக்கத்தில் இருந்த அத்தைக்குக்கூட என் குரல் கேட்கவில்லை. கோச்சுக்கு மட்டும் கேட்டது. அவர் குனிந்து என் காதில் சொன்னார்:

"எனக்கும் அப்ப போகணும்போலத்தான் இருந்துச்சு. ஏழு செகண்டுதான் இருந்துச்சே, எங்க போறது?"

படியிறங்கிப் போய்விட்டார். ஆறு வருடப் பொய்யை ஒரு ஆளிடம் சொல்லியாகிவிட்டது. அந்த ஆளே மன்னித்துவிட்டார். எனக்கு உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அப்போது ஸ்டியரிங் அண்ணன் கேட்டார்: "என்ன நோட்டு, கோச் காதுல என்ன சொன்னாரு?"

"நன்றி சொன்னாரு" என்றேன்.

உண்மை சொன்ன ஒன்றரை நிமிடத்தில் அடுத்த பொய். இதைக் கதை என்று நான் கற்பனை செய்திருந்தால் இந்தப் பாத்திரத்தை இவ்வளவு கேவலமாகப் படைத்திருக்க மாட்டேன்.

8

திங்கட்கிழமை கடை முடிந்து அண்ணனின் பஸ்ஸில் ஏறினேன். கடைசி நிறுத்தத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கிய பிறகு அவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பிக் காலைக் காட்டினார். கோச் போட்ட அம்பின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டியிருந்தார்.

"குளிக்கும்போது இந்தக் காலை மட்டும் வெளியே நீட்டிக்கிறேன். வீட்டுல டைவர்ஸ் கேக்குறா." சிரித்தார். "வெள்ளிக்கிழமை போய் இதையும் நிரந்தரமாக் குத்திடப் போறேன்."

"டாக்டர் என்னண்ணா சொல்றார்?"

"அவரா? அவர் அதுக்குள்ள வேற தத்துவம் கண்டுபிடிச்சிட்டார். கத்துறவன்தான் முக்கியமாம்." கண்ணாடியில் தெரிந்த காலி இருக்கைகளைப் பார்த்தார். "எனக்குத்தான் ஒண்ணும் புரியல நோட்டு. அவன் நிக்கிறான்னு நினைச்சுதான் குத்திக்கிட்டேன். ஓடியிருக்கான். சரி, ஓடட்டும். ஆனா நீ உக்காந்து பார்த்து வரைஞ்சதுல அவ்வளவு பெரிய அம்பு எப்படி விட்டுப்போச்சு?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. என் கண்பார்வையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்போலக் கேட்டார்.

"கை நடுங்கிச்சுண்ணா" என்றேன்.

அன்றே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைக்குமுன், அவர் மறுபடி ஊசிக்குக் காலை நீட்டுவதற்குமுன், அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை என்பது மூன்று முறை நிரூபணமாகிவிட்டது.

முடிவுகளை வரைந்து பார்த்தேன்.

முடிவு 1: அண்ணன் இதைப் படித்துவிட்டுப் பக்கங்களைக் கிழிக்கிறார். ஆறாவது வரிசையில் என் நாற்காலியில் வேறு யாரோ.

முடிவு 2: அண்ணன் சிரிக்கிறார். "போடி இவளே" என்கிறார். எல்லாம் சரியாகிறது.

முடிவு 3: அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. கால்சட்டையை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்.

மூன்றுமே நன்றாக வந்திருந்தன. இரண்டாவதில் எனக்கே கண் கலங்கியது. மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இல்லாமல், ஊகித்து, அழகாக ஒரு அம்பு போடுவதை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன்.

அதனால் இன்று வியாழன் காலை, கடைசி நிறுத்தத்தில், எட்டாம் பகுதியில் இதற்கு முந்தைய வரி வரைக்கும் உள்ள பக்கங்களை நகல் எடுத்து ஓர் உறையில் போட்டு அவர் மடியில் வைத்தேன். "என்னது, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். "கதைண்ணா" என்றேன். "நான் வர்றேனா இதுல?" என்று கேட்டார், முகமெல்லாம் சிரிப்பாக. "வர்றீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். நான் எதற்கும் ஓடுகிறவள் அல்ல. செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

9

மாலை ஐந்து நாற்பதுக்குக் கடையில் ஒருவருக்குக் கண் அளந்துகொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. அவருக்கு அறுபத்துமூன்று மில்லிமீட்டர். எழுபத்துமூன்று என்று எழுதிவிட்டேன். பிறகு திருத்தினேன்.

செய்தி இதுதான்: "படிச்சிட்டேன். பேசணும். ஆறு பத்து வண்டிக்கு வா."

இதை ஆராய்ந்தேன். பதினொரு வருடத்தில் ஸ்டியரிங் அண்ணன் என்னிடம் 'பேசணும்' என்று சொன்னது மூன்று முறை. ஒருமுறை நிரந்தர டிரைவர் ஆன செய்தியைச் சொல்ல. ஒருமுறை டாக்டரோடு போட்ட சண்டையில் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்க. ஒருமுறை எதற்கு என்று பேருந்தில் ஏறியதும் மறந்துவிட்டார். இந்தத் தகவலை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. 'பேசணும்' என்ற சொல்லுக்குப் பின்னால் சிரிப்பும் இருக்கலாம், செருப்பும் இருக்கலாம்.

செய்தியில் 'நோட்டு' என்று கூப்பிடவில்லை. கவனித்தேன். 'வா' மட்டும் எப்போதும்போல இருக்கிறது. அதையும் கவனித்தேன்.

இன்று வகுப்பு இருக்கிறது. கதையைக் கொடுக்கக் கடைசி நாள். வகுப்பு வடக்கே, ஆறு பத்து வண்டி தெற்கே போகிறது. இந்த ஒன்பதாம் பகுதியைக் கடையின் கண் அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் நின்றபடியே எழுதுகிறேன். மொத்தத்தையும் கைபேசியில் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பிவிடுவேன். அவர் ஓரத்தில் 'முடிவு எங்கே?' என்று சிவப்பில் எழுதுவார். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ஐம்பத்தெட்டு. நிறுத்தத்துக்கு நடந்தால் ஒன்பது நிமிடம். வயிற்றைக் கலக்குகிறது, போகவேண்டும்போல இருக்கிறது, நேரமும் இருக்கிறது. போகப்போவதில்லை. இந்தத் தடவை நான் அங்கே இருக்கப்போகிறேன், அவர் முகத்துக்கு நேராக, முதல் இருக்கையில். அங்கே இருக்கப்போகாதவர் நீங்கள்தான். ஆகவே மிச்சத்தை நீங்கள் வரைந்துகொள்ளுங்கள். கச்சிதமாக வரும், கவலைப்படாதீர்கள். யாராவது கேட்டால் உங்கள் கண்ணால் பார்த்ததாகவே சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைக்காரர் விளக்கை அணைக்கிறார். ஐந்து ஐம்பத்தொன்ப —